கொல்கத்தாவைப் பாரா பாராவாகச் சுற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த பத்து நிமிடத்தில் அவர் என்னிடம் என்னென்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். ஏழெட்டு முறை போய், பெரும்பாலும் நடந்தே சுற்றியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதிவைக்கிறேன். விக்டோரியா நினைவகத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அன்றிரவே ரயிலேறுகிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

பாரா, பாரா என்கிறீர்களே, அது என்ன?

வங்காளிகள் தங்கள் ஊரை வார்டுக் கணக்கில் நினைப்பதில்லை, பாராக் கணக்கில் நினைக்கிறார்கள். நாலைந்து சந்து, ஒரு மிட்டாய்க் கடை, ஒரு டீக்கடை, ஒரு மருந்துக் கடை, கேரம் பலகை போட்ட ஒரு கிளப், இத்தனையும் சேர்ந்தால் ஒரு பாரா. நம் ஊரில் ‘நீங்கள் எந்தத் தெரு?’ என்று கேட்கிற இடத்தில் அங்கே ‘எந்தப் பாரா?’ என்று கேட்பார்கள்.

வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசல் ஓரமாகச் சிமெண்டு பூசிய ஒரு மேடை இருக்கும். அதன் பெயர் ரோவாக். நம் திண்ணைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூணும் கூரையும் கிடையாது, தெருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாலையில் அதில் உட்கார்ந்து மீன் விலையிலிருந்து கால்பந்தில் மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்பது வரை பேசித் தீர்ப்பதற்கு ‘அட்டா’ என்று பெயர். அடுக்குமாடிகள் வரவர ரோவாக்குகள் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. நம் திண்ணைக்கு நேர்ந்ததுதான். பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், டிக்கெட் கிடையாது.

இந்த நகரத்தை உருவாக்கியவர் ஜாப் சார்னாக்தானே?

பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்னாக் 1690 ஆகஸ்ட் 24 அன்று சுதானுட்டியில் வந்து இறங்கினார் என்பது உண்மை. ஆனால் இறங்குவதற்கு அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதையும் அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது. சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்று மூன்று ஊர்கள். அவற்றின் உரிமையைக் கம்பெனி 1698இல் சாபர்ண ராய் சௌத்ரி என்ற ஜமீன் குடும்பத்திடமிருந்து பெற்றது. அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் நீதிமன்றம் போனார்கள். சார்னாக்கை நகரத்தின் நிறுவனர் என்று சொல்வதற்கில்லை என்று 2003இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் ஆகஸ்ட் 24 நகரத்தின் பிறந்தநாளும் இல்லை.

மூன்று ஊர்களும் எங்கே போயின என்பது பாராக்களைப் புரிந்துகொள்ள உதவும். வடக்கே இருந்த சுதானுட்டியின் பெயர் இன்றும் ‘ஷோபாபஜார் சுதானுட்டி’ என்ற மெட்ரோ நிலையப் பலகையில் பிழைத்திருக்கிறது. நடுவிலிருந்த கலிகாதாவின் மேல்தான் ஆங்கிலேயர்களின் அலுவலகங்கள் எழுந்தன. டல்ஹௌசி சதுக்கம் என்று இருந்து, 1930 டிசம்பர் 8 அன்று ஆங்கில அரசின் தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் புகுந்து சுட்ட பினாய், பாதல், தினேஷ் மூவரின் பெயரால் பி.பா.தி. பாக் ஆகிவிட்ட இடம் அது. தெற்கே கோவிந்தபூருக்குத்தான் பரிதாபம். பிளாசிப் போருக்குப் பிறகு புதிய வில்லியம் கோட்டை கட்டுவதற்காக ஊரையே கிளப்பிவிட்டார்கள். கோட்டை பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமே, அதுதான் இன்றைக்குப் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மைதானம். கிளப்பப்பட்ட குடும்பங்கள் வடக்கே போய்க் குடியேறின. தாகூர் குடும்பமும் அதில் ஒன்று.

சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே கறுப்பர் நகரம். பிறகு அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றம். கொல்கத்தாவில் அந்தக் ‘கறுப்பர் நகரம்’ பெயர் மாறாமல், பாரா பாராவாக அப்படியே கிடக்கிறது.

எத்தனை நாள் வேண்டும்?

நாலு நாள். மூன்று நாள்தான் என்றால் தெற்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், வடக்கைக் குறைக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாரா போதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மதியம் ஒரு மணிக்கு மேல் பல பாராக்களில் கடைகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடும். நீங்களும் தூங்குங்கள்.

எந்த மாதம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. குளிர்காலத்தில் போவதற்கு இன்னொரு காரணம் நொலேன் குட், அதாவது ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம். அதைச் சேர்த்துச் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பு பழுப்பு நிறத்தில், லேசான புகை வாசனையோடு இருக்கும். வெயில் வந்துவிட்டால் கிடைக்காது. மழைக்காலத்தில் கல்லூரித் தெரு, தந்தானியா பக்கமெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்; அதிலும் கைரிக்‌ஷா போய்க்கொண்டிருக்கும்.

எங்கே தங்குவது?

சௌரங்கி, பார்க் தெரு பக்கம் தங்குவது எல்லோருக்கும் வசதி, மெட்ரோ காலடியில். ஹௌரா நிலையத்துக்கு எதிரே, ரயிலைவிட்டு இறங்கிய களைப்பில் அறை எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். இரவெல்லாம் ஏதோ ஒரு ரயில் என் தலையணைக்குள் புறப்பட்டுக்கொண்டே இருந்தது. ரயில் என்றதும் இன்னொன்று: சென்னையிலிருந்து போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹௌராவுக்குப் போவதில்லை, ஷாலிமார் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அழைத்துப்போக வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தெரு என்றால் எதைச் சொல்வீர்கள்?

ரபீந்திர சரணி. பழைய பெயர் சித்பூர் சாலை. ஊர்க்காரர்கள் இன்றும் சித்பூர் என்றே சொல்கிறார்கள். நகரம் உருவாவதற்கு முன்பே தெற்கே காளிகாட்டுக் காளி கோயிலுக்குப் பக்தர்கள் நடந்துபோன பாதையின் மிச்சம். வடக்கே பாக்பஜாரில் தொடங்கித் தெற்கே லால்பஜார் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். வழியில் குமார்டுலி, ஷோபாபஜார், ஜோராசாங்கோ, நாகோதா மசூதி என்று ஒவ்வொன்றாக வரும். இடையே ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் வண்ணச் சுவரொட்டிகள், கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களின் கடைகள், அத்தர் கடைகள். தெரு குறுகல், மூட்டை தூக்குகிறவர்கள் வேகமாக வருவார்கள், யாருக்கும் உங்களுக்காக நிற்க நேரமில்லை. காலை ஆறரைக்குத் தொடங்குங்கள்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?

உண்டு. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்ததே அதுதான். ‘டோலா’, ‘டுலி’, ‘பாரா’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஒரு தொழிலோ கூட்டமோ இருந்த இடம். குமார்டுலி குயவர்களுடையது, கோலுடோலா எண்ணெய்ச் செக்கு ஆட்டுகிறவர்களுடையது, ஆஹிரிடோலா பால்காரர்களுடையது, தர்ஜிபாரா தையல்காரர்களுடையது, காஞ்சாரிபாரா கன்னார்களுடையது, ஷாங்காரிபாரா சங்கறுத்து வளையல் செய்கிறவர்களுடையது. நம் வண்ணாரப்பேட்டையையும் சிந்தாதிரிப்பேட்டையையும் நினைத்துக்கொண்டால் உடனே புரியும்.

‘பாகான்’ என்றால் தோட்டம்: ஹாத்திபாகான் யானைத் தோட்டம், சோர்பாகான் திருடன் தோட்டம். ‘புகுர்’ குளம். குளத்தைத் தூர்த்து வீடு கட்டிய பிறகும் பெயரில் தண்ணீர் நிற்கிறது. ‘தலா’ என்றால் மரத்தடி: நீம்தலா வேம்படி, தால்தலா பனையடி, பட்தலா ஆலடி. அந்த ஆலடியில்தான் 19ஆம் நூற்றாண்டில் மலிவு விலை அச்சகங்கள் கும்பலாக முளைத்தன. பஞ்சாங்கம், காதல் கதை, கேலிப் பாட்டு என்று எதை வேண்டுமானாலும் அச்சடித்துத் தள்ளியதால் ‘பட்தலா’ என்பதே மட்டரகப் புத்தகத்துக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

குமார்டுலிக்கு எப்போது போனால் பொம்மை செய்வதைப் பார்க்கலாம்?

முதலில், அவற்றைப் பொம்மை என்று அங்கே சொல்லிவிடாதீர்கள். பிரதிமை. துர்க்கா பூஜைக்கு முந்தைய இரண்டு மாதங்கள், அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல பருவம். ரத யாத்திரை நாளில் சட்டத்துக்குப் பூஜை போட்டு வேலை தொடங்குவது மரபு. துர்க்கை போன பிறகும் லட்சுமி, காளி, ஜனவரி பிப்ரவரியில் சரஸ்வதி என்று வரிசை இருப்பதால் எப்போது போனாலும் ஏதாவது ஒரு தேவி பாதியில் நிற்பாள்.

வனமாலி சர்க்கார் தெரு என்ற சந்தில் நுழைந்தால் இரண்டு பக்கமும் கொட்டகைகள். நான் ஒரு கொட்டகையில் முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றேன். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைப் பிடிப்பிடியாக வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தலையும் விரல்களும் இல்லாத பத்துக் கை வைக்கோல் உடம்பு. அதன்மேல் உமி கலந்த களிமண்ணை ஒருவர் இரண்டு கையாலும் அப்பிக்கொண்டே போனார். அது காய்ந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் களிமண்ணில் நனைத்த துணிக் கீற்றை ஒட்டி, மேலே வழவழப்பான மண்ணைப் பூசுவார்கள். தலையை அச்சில் தனியாக எடுக்கிறார்கள். விரல்கள் இன்னும் தனி. ஒரு பையன் பலகை ஒன்றில் ஐம்பது அறுபது மண் விரல்களை, நம் வீட்டில் வடகம் காயவைப்பதுபோல் வரிசையாக அடுக்கி வெயிலுக்குக் கொண்டுபோனான். தேவியின் கண்ணைக் கடைசியில், மஹாளய அமாவாசையன்று எழுதுவதுதான் வழக்கம். ஆர்டர் குவிந்த கொட்டகைகளில் அவ்வளவு நாள் காத்திருக்க முடிவதில்லை.

பிரதிமைக்கான மண்ணில் கணிகையர் வீட்டு வாசல் மண் கொஞ்சம் சேர வேண்டும் என்பது பழைய மரபு. பக்கத்திலேயே பாலியல் தொழிலாளர்கள் வசிக்கும் சோனாகாச்சி இருப்பதை நினைத்தால் இந்த மரபை வெறும் கதையாகத் தள்ள முடியவில்லை.

படம் எடுக்கலாமா?

குமார்டுலியில் கேட்டுவிட்டு எடுங்கள். பூஜைக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராக்காரர்கள் கூட்டம் மண் குழைக்கிறவர்களைவிட அதிகமாகிவிடுகிறது. அவர்கள் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது. ஷோபாபஜாருக்கும் கிரீஷ் பார்க்குக்கும் இடையே உள்ள சோனாகாச்சி சந்துகளில் கேமராவையும் போனையும் பைக்குள் போட்டுவிடுங்கள். அங்கே இருப்பவர்களும் ஒரு பாராவில் குடியிருப்பவர்கள்தான்.

ஷோபாபஜார் அரண்மனை, மார்பிள் பேலஸ், தாகூர் வீடு, மூன்றில் ஒன்றுதான் நேரம் இருக்கிறது என்றால்?

தாகூர் வீடு. ஜோராசாங்கோ என்றால் ‘இரட்டைப் பாலம்’. பாலமும் ஓடையும் போய் ரொம்பக் காலமாகிறது. சிவப்பு நிறமும் பச்சை ஜன்னலுமாக இருக்கும் இந்த வீட்டில்தான் ரவீந்திரநாத் தாகூர் 1861இல் பிறந்தார், 1941 ஆகஸ்ட் 7 அன்று இறந்தார். இரண்டு அறைகளையும் காட்டுவார்கள். உலகம் முழுக்கச் சுற்றியவர் பிறப்புக்கும் இறப்புக்கும் இடையில் கடந்த தூரம் ஒரே வீட்டின் சில தாழ்வாரங்கள். திங்கள்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.

மார்பிள் பேலஸ், 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டியது, மேலே சொன்ன திருடன் தோட்டத்தில் இருக்கிறது. சுற்றுலாத் துறையிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. ஐரோப்பியச் சிலைகளும் கண்ணாடிகளும் கடிகாரங்களும் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வைக்கப்பட்டிருக்கும். செல்வம் இருந்து ஒழுங்கு இல்லாத ஒரு பெரிய வீட்டுப் பரண் என்று எனக்குத் தோன்றியது. இதை ரசிக்கிறவர்களும் உண்டு.

ஷோபாபஜார் அரண்மனைக்குப் பூஜை நாட்களில் போக வேண்டும். பிளாசிப் போர் நடந்த 1757இலேயே நபகிருஷ்ண தேவ் தொடங்கிய பூஜை இது. தமிழர்களுக்கு இன்னொரு செய்தி: 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கி, ராமநாதபுரம், மதுரை, சென்னை என்று வரவேற்புகளைப் பெற்ற விவேகானந்தருக்கு, அவர் சொந்த ஊர் பொது வரவேற்பு அளித்தது இந்த அரண்மனை முற்றத்தில்தான், பிப்ரவரி 28 அன்று. நாம் ஒரு மாதம் முந்திக்கொண்டோம். அவர் பிறந்த வீடு சிம்லா பாராவில், ஜோராசாங்கோவிலிருந்து நடக்கும் தூரம்தான். இன்னும் வடக்கே பாக்பஜாரில் நிவேதிதையின் வீடு. பாரதி தன் குருவாகக் கொண்டாடினாரே, அதே நிவேதிதை. அந்தச் சந்தின் பெயர் போஸ்பாரா.

கல்லூரித் தெருவும் காபி ஹவுஸும் சொல்கிற அளவுக்கு இருக்குமா?

தெரு இருக்கும். ஊர்க்காரர்கள் அதை ‘பொய்பாரா’ என்கிறார்கள். ‘பொய்’ என்றால் வங்காளத்தில் புத்தகம்! 1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரசிடென்சி, 1857இன் கல்கத்தாப் பல்கலைக்கழகம், 1835இன் மருத்துவக் கல்லூரி எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க, அவற்றின் வேலியை ஒட்டித் தகரப் பெட்டிக் கடைகளில் கழுத்தளவு புத்தகம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும்.

காபி ஹவுஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாடியேறி, உயரமான கூரையும் கடகடவென்று ஓடும் விசிறிகளும் தாகூர் படமும் வெள்ளைத் தலைப்பாகைப் பரிமாறுநர்களுமாக அந்தக் கூடத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடும். ஆல்பர்ட் ஹால் என்ற பழைய மண்டபம் அது. 1942இல் காபி ஹவுஸ் ஆனது. இப்போது ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. ஆனால் காபி? கும்பகோணத்துப் பில்டரில் இறங்கிய நாக்கோடு போகிறவர்கள் ‘இன்ஃபியூஷன்’ என்று பாலில்லாத காபியைக் கேளுங்கள், ஏமாற்றம் குறையும். அங்கே விற்பது மேசையும் நேரமும்தான். ஒரு கோப்பைக்கு ஒரு மாலையையே தருகிறார்கள்.

சர் சி.வி. ராமன் கொல்கத்தாவில் எங்கே வேலை செய்தார்?

பௌபஜார் தெருவில். பதினெட்டு வயதில், 1907இல், நிதித் துறை அதிகாரியாக வந்தவர், அலுவலகம் முடிந்த பிறகு பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்தார். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் தொடங்கிய கழகம் அது. வத்திராயிருப்பிலிருந்து வந்த கே.எஸ். கிருஷ்ணனும் அங்கேதான் அவரோடு சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்ததைத்தான் நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். கழகம் பிறகு ஜாதவ்பூருக்கு மாறிவிட்டது.

இன்றைய பௌபஜார் நகை ஆசாரிகளின் பேட்டை. ஒரு ஜன்னல் அளவுள்ள பட்டறைகளில் ஊதுகுழலோடு குனிந்திருப்பார்கள். 2019 ஆகஸ்ட் கடைசியில் இங்கே மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் தேங்கிய அடுக்கை இயந்திரம் உடைத்துவிட, மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறின. ஒரு பாரா என்பது கட்டடம் மட்டுமில்லையே. வேறு இடத்தில் வீடு கொடுத்தாலும் பக்கத்து ரோவாக்கைக் கொடுக்க முடியாது.

சீனர்கள், அர்மீனியர்கள், யூதர்கள் இருந்த இடங்களை ஒரே காலையில் பார்க்க முடியுமா?

முடியும், எல்லாம் லால்பஜாரைச் சுற்றி அரை மணி நடைக்குள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டிரெட்டி பஜாரில் இருக்க வேண்டும். வெனிஸ்காரர் எட்வர்டு டிரெட்டாவின் பெயரால் அமைந்த சந்தை. சீனக் குடும்பங்கள் தெருவோரத்தில் ஆவி பறக்கும் பாத்திரங்களைத் திறந்துவைத்து மோமோ, மீன் உருண்டைச் சூப், பாவ் என்ற ஆவியில் வெந்த சீன பன் எல்லாம் விற்பார்கள். எட்டரைக்குப் போனால் காய்கறிக்காரர்கள்தான் இருப்பார்கள். சைவர்களுக்கு இங்கே வேலையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1962 போருக்குப் பிறகு சிறைமுகாம், சந்தேகம், வேலையிழப்பு என்று பட்டு, பெரும்பாலோர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களின் இன்னொரு பேட்டை கிழக்கே டாங்ரா. அங்கே ஒரு காளி கோயிலில் நூடுல்ஸ் பிரசாதம்.

அர்மீனியத் தேவாலயம் 1724இல் கட்டியது. அதன் முற்றத்தில் 1630 என்று தேதியிட்ட ரேசாபீபி என்ற பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது. சார்னாக் வருவதற்கு அறுபது ஆண்டு முந்தியது. அந்தத் தேதியைப் பற்றி அறிஞர்களிடையே சண்டை உண்டு. (சென்னையிலும் ஓர் அர்மீனியன் தெரு இருக்கிறது. அதை நாம் ‘அரண்மனைக்காரத் தெரு’ ஆக்கிவிட்டோம்.) மாகன் டேவிட் யூதத் தொழுகைக்கூடம் 1884. உள்ளே கறுப்பு வெள்ளைத் தரையும் வண்ணக் கண்ணாடியும் பளபளக்கும், கும்பிட ஆளில்லை. பல தலைமுறையாக அதைத் துடைத்துப் பாதுகாத்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். யூதர்களின் நினைவாக வயிற்றுக்கும் ஏதாவது வேண்டுமென்றால் நியூ மார்க்கெட்டில் நாஹூம் பேக்கரிக்குப் போங்கள்; 1902இல் தொடங்கியது.

பார்க் தெருவில் கல்லறைத் தோட்டத்தையா பார்க்கச் சொல்கிறீர்கள்?

ஆமாம். 1767இல் திறந்தது. பிரமிடும் கோபுரமும் மண்டபமுமாகக் கல்லறைகள், மேலே பாசி. வந்த ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போன இருபது வயதுக்காரர்கள் ஏராளம். ஆசியக் கழகத்தை 1784இல் நிறுவிய வில்லியம் ஜோன்ஸும் இங்கேதான். கொசுவர்த்தி கொண்டுபோங்கள், அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு வேண்டாம்.

காளிகாட்டில் நிம்மதியாகத் தரிசனம் செய்ய முடியுமா?

விடியற்காலையில், செவ்வாய், சனி தவிர்த்துப் போனால் முடியும். இப்போதைய கோயில் 1809இல் கட்டியது. மெட்ரோவிலிருந்து இறங்கியதுமே ‘சீக்கிர தரிசனம்’ என்று ஒருவர் ஒட்டிக்கொள்வார். என்னை ஒருவர் செருப்பை வைக்கச் சொல்லி, பூக்கூடையைக் கையில் திணித்து, கடைசியில் ஆயிரத்து ஒரு ரூபாய் கேட்டார். ‘வேண்டாம்’ என்பதைத் தமிழிலேயே உறுதியாகச் சொன்னேன், வேலை செய்தது. கோயிலுக்கு ஒட்டினாற்போல் இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக அன்னை தெரசா 1952இல் தொடங்கிய நிர்மல் ஹ்ருதய் இல்லம். அது வேடிக்கை பார்க்கும் இடமில்லை.

நம் சாப்பாடு கிடைக்குமா?

லேக் மார்க்கெட். ராஷ்பிஹாரி அவென்யூவில் உள்ள இந்தப் பகுதியில் தமிழர்களும் மலையாளிகளும் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சந்தையில் வாழை இலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, புதிதாக அரைத்த காபித் தூள் எல்லாம் கிடைக்கும்; இட்லிக் கடைகளும் உண்டு. மீன் விற்கும் வங்காளி அம்மாள் என்னிடம் ‘என்ன வேணும்?’ என்று தமிழில் கேட்டபோது எனக்குப் பதில் வர ஒரு நிமிடம் ஆயிற்று.

பவானிபூரில் எல்ஜின் சாலை நேதாஜி பவனையும் இந்தப் பக்கம் வரும்போதே பார்த்துவிடுங்கள். 1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து நள்ளிரவில் அவர் தப்பிச்சென்ற வாண்டரர் கார் அங்கேயே நிற்கிறது.

பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுகிறார்களாமே?

போடுகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. அவத் ராஜ்யத்தை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டபின், 1856இல் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தா வந்து மேட்டியாபுரூஜில் குடியேறினார். கூடவே சமையல்காரர்கள், இசைக்காரர்கள், ஒரு மிருகக்காட்சிச் சாலை. கையில் பணம் குறைந்ததால் கறிக்குப் பதில் கிழங்கு என்று ஒரு கதை. அந்தக் காலத்தில் கிழங்கே புதுமையான பண்டம் என்று இன்னொரு கதை. நவாபின் சமாதி அங்குள்ள இமாம்பாராவில் (இது பாரா இல்லை, ஷியா முஸ்லிம்களின் மண்டபம்) இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பேட்டை முழுக்கத் தையல் இயந்திரச் சத்தம்.

டிராம் இன்னும் ஓடுகிறதா? எதில் சுற்றுவது?

1873இல் குதிரை இழுத்தது, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024இல் மாநில அரசு, மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஓடுவதைக் கண்டால் ஏறிவிடுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மஞ்சள் அம்பாசிடர் டாக்சிகளும் அப்படித்தான் அருகிவருகின்றன.

உண்மையில் உதவுவது மெட்ரோ. 1984இல் தொடங்கிய நாட்டின் முதல் மெட்ரோ வட தெற்காக எல்லாப் பாராக்களையும் தைத்துக்கொண்டு போகிறது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் தடம் 2024 மார்ச்சில் வந்தது. ஆனால் ஆற்றைக் கடக்க அடியில் போகாதீர்கள், மேலே போங்கள். ஹௌராவிலிருந்து படகில் சில ரூபாய்க்குப் பாக்பஜார் பக்கமோ பாபுகாட்டுக்கோ போகலாம். 1943இன் ஹௌராப் பாலத்தைக் கீழிருந்து பார்ப்பதற்கு வேறு நல்ல இடமில்லை. கைரிக்‌ஷாவைத் தடைசெய்ய 2006இல் சட்டத் திருத்தம் வந்தும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஏறுவதா வேண்டாமா என்பது அவரவர் மனம். நான் ஏறவில்லை, ஏறாததால் அந்த ஆளுக்கு என்ன நன்மை என்று இழுப்பவர் ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

வங்காளம் தெரியாமல் சமாளிக்கலாமா?

இந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் போதும். ஆண்களை ‘தாதா’ என்றும் பெண்களை ‘திதி’ என்றும் கூப்பிடுங்கள். தாதா என்றால் அங்கே அண்ணன். கட்டப்பஞ்சாயத்துக்காரரும் இல்லை, தாத்தாவும் இல்லை. வழி கேட்டால் ஒருவர் சொல்லமாட்டார், நாலு பேர் கூடி விவாதித்து ஒரு முடிவுக்கு வருவார்கள். ‘மாட்ராஜி?’ என்று கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துர்க்கா பூஜை நேரத்தில் வரலாமா?

முதல் பயணத்துக்கு வேண்டாம். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் இன்னும் ஏறியிருக்கிறது. இரவு முழுவதும் ஊரே தெருவில் நிற்கும், வண்டி நகராது, அறை வாடகை எகிறும். இரண்டாம் முறை வாருங்கள். அதற்குள் உங்களுக்கென்று ஒரு பாரா அமைந்திருக்கும். பெரிய பந்தல்களை விட்டுவிட்டு அந்தப் பாராவின் பூஜைக்குப் போங்கள். எனக்கு அமைந்தது ஆஹிரிடோலா. போன முறை அங்கே ரோவாக்கில் உட்கார்ந்திருந்த பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, மூன்று வருடமாக ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் அதற்கு முந்தைய வருடம்தான் வந்திருந்தேன் என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர் இல்லவே இல்லை என்று மறுக்க, அன்றைய அட்டா அதிலேயே போயிற்று.